உறைந்தது யாருடைய குழாய்?

வட அமெரிக்காவில் குளிர்காலம் தலைகாட்டியதும் அங்குள்ள பத்திரிகைகள் ஆண்டு தவறாமல் ஒரு பெட்டிச் செய்தியை வெளியிடும். வீட்டு நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது அதன் பொருள். குழாய்களுக்கு வெப்பக் காப்புறை இடுங்கள். சமையலறைத் தொட்டியின் கீழுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் குழாயைக் கழற்றி விடுங்கள். இரவில் திருகை நூலளவு திறந்து நீரை ஒழுக விடுங்கள். வெளியூர் சென்றாலும் வீட்டு வெப்பத்தை நிறுத்திவிடாதீர்கள். தலைப்பை மாற்றி, படத்தை மாற்றி, ஆண்டுதோறும் இதே ஆலோசனைகள் மீள்பிரசுரமாகின்றன.

இந்த ஆலோசனைகளில் பிழையில்லை. ஒவ்வொன்றுக்கும் பௌதிகவியல் சார்ந்த நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எல்லா வாக்கியங்களும் ஒரேயொருவரைத்தான் விளிக்கின்றன. செய்யுங்கள், திறவுங்கள், மூடுங்கள், கழற்றுங்கள் என்று வீட்டில் குடியிருப்பவருக்கே கட்டளை பிறக்கிறது. மின்சாரம் விற்பவருக்கு அங்கே ஒரு வரி இல்லை. நீர் வழங்கும் நகரசபைக்கு ஒரு வரி இல்லை. வீட்டைக் கட்டி விற்றவருக்கோ, வாடகை வாங்குபவருக்கோ, இவர்களை மேற்பார்வை செய்ய வேண்டிய ஆணைக்குழுவுக்கோ ஒரு சொல்லும் இல்லை. ஆகவே குழாய் வெடித்ததும் வாசகரின் மனதில் இயல்பாகவே ஒரு தீர்ப்பு எழுந்துவிடுகிறது: அந்த வீட்டுக்காரர் கவனமில்லாதவர்.

இத்தீர்ப்பு பெரும்பாலும் தவறானது என்பதே எனது வாதம். அதற்கு 2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

முதலில் குழாய் ஏன் வெடிக்கிறது என்பதைப் பார்ப்போம். நுவரெலியாவில் புல்நுனியில் உறைபனி படிந்ததைக் கண்டதற்கு அப்பால் உறைதலை அறியாத நமது வாசகர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் அதிகரிக்கிறது. ஆகவே பனிக்கட்டி குழாயின் சுவரை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். நடப்பது பெரும்பாலும் அதுவன்று. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்புப்போல் உருவாகிறது. அது வளர வளர, அதற்கும் மூடிய திருகுக்கும் இடையில் அகப்பட்ட நீர் நெருக்கப்படுகிறது. நீர் எளிதில் சுருங்காத திரவமாதலால் அங்கே அமுக்கம் பன்மடங்கு உயர்கிறது. கடைசியில் குழாய் அதன் நலிந்த இடத்தில் பிளக்கிறது. அந்த இடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம். திருகைச் சிறிது திறந்து வைக்கச் சொல்வதன் காரணம் இதுவே. ஒழுகும் நீர் உறைவதை எப்போதும் தடுத்துவிடாது. ஆனால் அமுக்கம் வெளியேற அது ஒரு வழியைத் தருகிறது.

இல்லினோய் பல்கலைக்கழகத்தினர் 1990களில் நடத்திய பரிசோதனைகளில், காப்புறை இல்லாத குழாய்களுக்கு வெளி வெப்பநிலை சுமார் மறை 7 பாகை செல்சியசை அடையும்போது ஆபத்து தொடங்குவதாகக் கண்டறியப்பட்டது. இந்த எச்சரிக்கை எல்லை குளிர் நாடுகளின் வட பகுதிகளைவிடத் தென் பகுதிகளுக்கே முக்கியமானது. கனடாவிலும் வட அமெரிக்க மாநிலங்களிலும் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழேதான் குழாய்களைப் புதைப்பார்கள். வீட்டுக்குள் அவை வெப்பமூட்டப்பட்ட நிலக்கீழ் அறையினூடாகவும் உட்சுவர்களினூடாகவும் செல்லும். டெக்சாஸில் வீடுகள் கொங்கிறீட் தளத்தின் மீது நேரடியாக எழுப்பப்படுகின்றன. நிலக்கீழ் அறைகள் அரிது. பல வீடுகளில் குழாய்கள் கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியிலும் வெளிச்சுவர்களுக்குள்ளும் ஓடுகின்றன. நீர் கொதிகலனையே கூரையின் கீழ் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே பிளந்த குழாய் பனி உருகியதும் உட்கூரையை ஊறவைத்துக் கட்டிலின் மீதும் கதிரையின் மீதும் கொட்டும். இந்த அமைப்பைத் தீர்மானித்தவர் அந்த வீட்டில் குடியிருப்பவர் அல்லர். கட்டியவர் கட்டினார்; ஒழுங்குவிதிகளை வகுத்தவர்கள் அதற்கு அனுமதி வழங்கினார்கள்.

உறைந்த குழாயை இளக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டியதே. திருகைத் திறந்துவிட்டு, அதன் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி முடி உலர்த்தியாலோ வெந்நீரில் நனைத்த துணியாலோ மெல்ல வெப்பமூட்ட வேண்டும். எரியும் சுவாலையை அருகே கொண்டு செல்லலாகாது. வீடு பற்றிய கதைகள் பல உண்டு. பிளவு உருகிய பின்னரே தெரியவரும் என்பதால் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் முன்கூட்டியே அறிந்து வைத்திருத்தல் நன்று.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அலுமாரிக் கதவைத் திறந்து வைப்பது அறையின் வெப்பம் குழாயை எட்டுவதற்காக. அறையில் வெப்பம் இருந்தால்தான் அதனால் பயன். முடி உலர்த்தி இயங்க மின்சாரம் வேண்டும். காப்புறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. நீரை ஒழுக விடுவதற்குக் குழாயில் நீர் வந்துகொண்டிருக்க வேண்டும். மின்சாரம் இருக்கிறது, வெப்பம் இருக்கிறது, நீர் வருகிறது என்னும் மூன்று அனுமானங்களின் மேல்தான் அந்தப் பெட்டிச் செய்தி முழுவதும் நிற்கிறது. 2021 பெப்ரவரியில் அந்த மூன்றும் ஒருங்கே சரிந்தன.

அந்த மாதத்தின் நடுப்பகுதியில் வடதுருவக் குளிர்காற்று டெக்சாஸ் முழுவதையும் போர்த்தியது. பெப்ரவரி 16ஆம் திகதி டாலஸ் நகரப் பகுதியில் வெப்பநிலை மறை 19 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. 1949இன் பின்னர் அங்கு அவ்வளவு குளிர் பதிவானதில்லை. மெக்சிகோ வளைகுடாவை அண்டிய ஹூஸ்டனில்கூட அது மறை 10 பாகைக்குக் கீழே சென்றது. அதற்கு முதல் நாள், 15ஆம் திகதி அதிகாலை 1.30 மணிக்குச் சற்று முன்னர், மாநிலத்தின் பெரும்பகுதிக்கான மின்வலையமைப்பை நிர்வகிக்கும் எர்கொட் நிறுவனம் மின்வெட்டுக்கு ஆணையிட்டது. வலையமைப்பின் அதிர்வெண் 59.4 ஹேட்சுக்குக் கீழே 4 நிமிடங்களும் 23 செக்கன்களும் நின்றது. 9 நிமிடங்கள் நின்றிருந்தால் மின்பிறப்பாக்கிகள் தாமாகவே விலகி, முழு வலையமைப்பும் இருண்டிருக்கும். அதை மீள இயக்க வாரங்கள் எடுத்திருக்கலாம்.

சுழற்சி முறை மின்வெட்டு என்றே அறிவிக்கப்பட்டது. ஆனால் உச்சத்தில் 20,000 மெகாவோட் கேள்வியைத் துண்டிக்க நேர்ந்ததால் சுழற்றுவதற்கு மின்சாரமே எஞ்சவில்லை. இருளில் விடப்பட்ட வீடுகள் நாட்கணக்கில் இருளிலேயே கிடந்தன. வெறுமையான அலுவலகக் கோபுரங்களில் விளக்குகள் எரிந்ததைக் குளிரில் நடுங்கியவாறு மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 45 இலட்சத்துக்கும் அதிகமானோர் மின்சாரத்தை இழந்தனர்; சிலருக்கு அது நான்கு நாட்கள்வரை நீடித்தது. மாநில சுகாதாரத் திணைக்களத்தின் இறுதிக் கணக்கின்படி மாண்டோர் 246 பேர். அவர்களுள் பெரும்பாலானோரைக் கொன்றது குளிர். காரையும் கரி அடுப்பையும் கொண்டு வெப்பமூட்ட முயன்று காபனோரொட்சைட்டு நச்சு வாயுவால் இறந்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

வெப்பமிழந்த வீடுகளில் குழாய்கள் வெடித்தன. அப்போது ஆலோசனைகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கின. திருகைத் திறந்து நீரை ஒழுக விடுங்கள் என்பது முதல் நாள் ஆலோசனை. இலட்சக்கணக்கானோர் அதன்படி நடந்தனர். ஒழுக விட்ட நீரும் வெடித்த குழாய்களிலிருந்து பாய்ந்த நீரும் சேர்ந்து நகரங்களின் நீரமுக்கத்தைக் குறைத்தன. மின்சாரமிழந்த சுத்திகரிப்பு நிலையங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதன் பின்னர் ஹூஸ்டன் மேயர், குழாயைக் காப்பாற்றுவதற்காக நீரை ஓட விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மருத்துவமனைகளுக்கும் தீயணைப்புக்கும் நீர் வேண்டியிருந்ததால் மேயரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வீட்டுக்காரரின் நிலை என்ன? ஒழுக விட்டால் ஊருக்குத் துரோகம். மூடினால் வீட்டுக்குச் சேதம். ஒரு கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நீர் விநியோகம் பாதிக்கப்பட்டது. நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு அறிவித்தல்கள் வந்தன. மின்னடுப்பு மட்டுமே உள்ள வீட்டில் மின்சாரம் இன்றி எதைக் கொண்டு கொதிக்க வைப்பது என்பதை எந்த அறிவித்தலும் கூறவில்லை.

இனி இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். முதலில் உறைந்தது யாருடைய குழாய்?

டெக்சாஸின் தென்பகுதியில், வளைகுடாக் கரையோரத்தில், சவுத் டெக்சாஸ் அணுமின் நிலையம் இருக்கிறது. பெப்ரவரி 15ஆம் திகதி அதிகாலை அதன் இரு உலைகளில் ஒன்று தானாகவே நின்றது. ஊட்டுநீர்ப் பம்பியின் அமுக்கத்தை அளக்கும் மெல்லிய குழாய் ஒன்றுக்குள் இருந்த நீர் உறைந்து, அளவுக் கருவி தவறான தகவலைக் கொடுத்ததே காரணம். 1,300 மெகாவோட்டுக்கு மேற்பட்ட வலுவுடைய உலை ஒன்று, காப்பு போதாத ஒரு சிறு நீர்க்குழாயினால் ஓய்ந்தது. நிலக்கரி நிலையங்களிலும் எரிவாயு நிலையங்களிலும் இவ்வாறே அளவுக் குழாய்களும் நீர்க்குழாய்களும் வால்வுகளும் உறைந்தன. எரிவாயுக் கிணறுகளின் வாய்களிலும் நீர் உறைந்து அடைத்தது.

அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் வட அமெரிக்க மின்வலு நம்பகத்தன்மை நிறுவனமும் இணைந்து 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் இது விளங்கும். டெக்சாஸிலும் அதனை அண்டிய பிராந்தியங்களிலும் 1,045 மின்பிறப்பாக்கி அலகுகள் 4,124 தடவை நின்றன, வலுக் குறைந்தன அல்லது இயங்க மறுத்தன. அவற்றுள் 44.2 வீதமானவற்றுக்கு உறைதல் காரணம், 31.4 வீதமானவற்றுக்கு எரிபொருள் கிடையாமை காரணம். உறைதலால் நிகழ்ந்த தடங்கல்களுள் 81 வீதமானவை, எந்த வெப்பநிலை வரை தாம் தாக்குப்பிடிக்கும் என்று நிலையங்களே அறிவித்திருந்தனவோ, அதற்கு மேலான வெப்பநிலையிலேயே நிகழ்ந்தன. வாக்குக் கொடுத்த எல்லையைக் குளிர் எட்டுவதற்கு முன்னரே அந்த இயந்திரங்கள் படுத்துவிட்டன. இயற்கையின் சீற்றம் என்று சாக்குக் கூறுவோர் இந்த ஓர் எண்ணைப் பலமுறை வாசிக்க வேண்டும்.

இன்னொரு விநோதமும் உண்டு. எரிவாயுவை நெருக்கி அனுப்பும் நிலையங்கள் பல மின்சாரத்தில் இயங்குவன. ஆனால் அத்தியாவசியப் பாவனையாளர் பட்டியலில் அவற்றுட் பல பதிவுசெய்யப்பட்டிருக்கவில்லை. ஆகவே மின்வெட்டில் அவற்றின் மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. மின்சாரமில்லாமல் எரிவாயு நின்றது. எரிவாயு நின்றதால் மேலும் மின்சாரம் குறைந்தது. எரிவாயுத் துறையை மேற்பார்வை செய்ய வேண்டிய அமைப்பின் பெயர் டெக்சாஸ் ரயில்வே ஆணைக்குழு. ரயில்களோடு அதற்கு இப்போது எந்தத் தொடர்பும் இல்லை.

ஆகவே நடந்தது இதுதான். பெருநிறுவனத்தின் குழாய் முதலில் உறைந்தது. அதனால் மின்சாரம் போயிற்று. மின்சாரம் போனதால் வெப்பம் போயிற்று. வெப்பம் போனதால் வீட்டுக் குழாய் உறைந்தது. ஒரே பௌதிக விதி, ஒரே நீர், ஒரே குறைபாடு. ஆனால் முன்னையதற்குப் பெயர் வரலாறு காணாத இயற்கை அனர்த்தம். பின்னையதற்குப் பெயர் வீட்டுக்காரரின் கவனயீனம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

இதற்கு எதிராகக் கூறப்படும் வாதங்களை ஒதுக்கிவிட முடியாது.

காற்றாலைகள் உறைந்ததே காரணம் என்பது முதலாவது வாதம். மாநில ஆளுநரே தொலைக்காட்சியில் தோன்றி இத்தொனியில் பேசினார். காற்றாலைகள் உறைந்தது உண்மை. ஆனால் மேற்படி அறிக்கையின்படி எதிர்பாராது செயலிழந்த அலகுகளுள் 58 வீதமானவை இயற்கை எரிவாயுவில் இயங்குவன. காற்றாலைகள் 27 வீதம். மிகக் கடுமையான குளிர்ப் பிரதேசங்களிலும் காற்றாலைகள் சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன. குளிருக்கு ஆயத்தம் செய்யப்பட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி. எரிபொருள் எது என்பது அதற்குப் பின்னரே வரும்.

நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் குளிருக்காகக் கோடிக்கணக்கில் செலவிட முடியுமா என்பது இரண்டாவது வாதம். 1989 டிசம்பரில் டெக்சாஸில் இதேபோல் நிலையங்கள் உறைந்து மின்வெட்டு நிகழ்ந்தது. 2011 பெப்ரவரியில் மீண்டும் நிகழ்ந்தது. 2011 ஓகஸ்டில் மத்திய ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டு, எந்தெந்தக் குழாய்களுக்கு எவ்வாறு காப்பிட வேண்டும் என்றுகூடப் பரிந்துரைத்தது. அது கட்டாயமாக்கப்படவில்லை. பத்தாண்டு கழிந்து 2021இல் அதே பாடம் அதே பாடசாலையில் நடந்தது. 32 ஆண்டுகளில் மூன்று முறை வருவதை நூற்றாண்டுக்கு ஒருமுறை என்பது எந்த ஊர்க் கணக்கு?

முடியாத காரியம் அது என்பாருக்கு அதே மாநிலத்தின் மேற்கு மூலையிலுள்ள எல் பாசோ நகரைக் காட்டலாம். 2011இல் அடிபட்ட அந்நகரின் மின்நிறுவனம் அதன் பின்னர் கடுங்குளிரைத் தாங்கும் வகையில் தனது நிலையங்களை அமைத்தது. 2021இல் அங்கே சில ஆயிரம் வாடிக்கையாளர்களுக்குக் குறுகிய நேரத் தடங்கல் ஏற்பட்டதோடு சரி. குளிர் அங்கே சற்றுக் குறைவாக இருந்ததும், அந்நகர் மேற்கு அமெரிக்க வலையமைப்புடன் இணைந்திருந்ததும் துணைக் காரணங்கள்தாம். அந்த இணைப்பும் மனிதர் எடுத்த முடிவே. 1935ஆம் ஆண்டின் மத்திய மின்வலுச் சட்டத்துக்கு உட்படாதிருப்பதற்காக மாநில எல்லையைத் தாண்டாமல் தனித்து நிற்பதென டெக்சாஸின் மின்நிறுவனங்கள் அந்நாளிலேயே தீர்மானித்தன. அயலாரின் கட்டுப்பாடு வேண்டாம் என்றவர்களுக்கு ஆபத்து வேளையில் அயலாரின் மின்சாரமும் போதிய அளவு வந்து சேரவில்லை.

வீட்டுக்காரரும் தமது குழாய்களுக்குக் காப்பிட்டிருக்கலாம் அல்லவா என்பது மூன்றாவது வாதம். இட்டிருக்கலாம், இடவும் வேண்டும். ஆனால் மின்சாரமற்ற வீட்டில் மூன்று நாள் மறை 10 பாகைக் குளிருக்கு முன்னால் கால் அங்குலக் காப்புறை எந்த மூலைக்கு? மேலும், அங்கே பெருந்தொகையானோர் வாடகைக் குடியிருப்பாளர்கள். பிறர் வீட்டுச் சுவரை உடைத்துக் குழாய்க்குக் காப்பிட அவர்களுக்கு உரிமை ஏது? அவர்களுடைய தொடர்மாடிகளில் சில வாரங்கள்வரை நீரின்றிக் கிடந்தன. குழாய் பொருத்துநர்கள் போதாமல் வெளிமாநிலங்களிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். கடைகளில் இணைப்புத் துண்டுகள்கூடத் தீர்ந்துபோயின.

குளிர் ஓய்ந்தபின் பட்டியல்கள் வந்தன. மின்தட்டுப்பாட்டின்போது மொத்தச் சந்தையில் ஒரு மெகாவோட் மணிக்கான விலை, சட்டம் அனுமதித்த உச்சமான 9,000 டொலரில் நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது. வழமையான நாட்களில் அது சில பத்து டொலர்களே. மொத்த விலையை அப்படியே வாடிக்கையாளருக்கு மாற்றும் கிறிடி என்னும் நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கியோருக்கு ஒரு வாரத்துக்கே ஆயிரக்கணக்கான டொலர் பட்டியல் வந்தது. சில வாரங்களில் அந்நிறுவனம் வங்குரோத்தானது. மறுபுறத்தில் எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற குழாய்வழி நிறுவனம் அந்தப் புயலால் தனக்கு 240 கோடி டொலர் ஆதாயம் என அறிவித்தது. எரிவாயு விநியோக நிறுவனங்கள் அந்நாட்களில் கொடுத்த கொள்ளை விலைக்காக 300 கோடி டொலருக்கும் மேற்பட்ட கடன் முறிகள் வெளியிடப்பட்டன. அவற்றை நீண்டகாலத்துக்கு மாதாந்தப் பட்டியலினூடாக அடைக்கப் போகிறவர்கள், குளிரில் நடுங்கிய அதே வீட்டுக்காரர்கள். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நம்மவர் சொல்வது இதைத்தான்.

அந்த நாட்களில் டெக்சாஸின் கொலராடோ சிற்றி என்ற சிறு நகரின் மேயர் முகநூலில் ஒரு குறிப்பு எழுதினார். நகரசபையோ மின்நிறுவனமோ உங்களுக்கு எதற்கும் கடமைப்பட்டதல்ல. வலியவர் பிழைப்பர், நலிந்தவர் அழிவர் என்பது அதன் சாரம். நாடே கொதித்தது. அவர் பதவியை விட்டு விலகினார். மேயரின் குறிப்பும், குளிரின் நடுவே மெக்சிகோவின் கன்கூனுக்கு விமானமேறிய செனற்றர் டெட் குறூஸின் பயணமும் ஊடகங்களுக்குப் பல நாள் தீனியாயின. கண்டிக்கத்தக்கவைதாம். ஆனால் உறைந்துபோன அளவுக் குழாயைப் படம்பிடிக்க முடியாது. செனற்றரின் பயணப் பெட்டியைப் படம்பிடிக்கலாம். எது செய்தி என்பதைப் புகைப்படம் தீர்மானிக்கும்போது பொறுப்பாளி தப்பிவிடுகிறார்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். பாதிக்கப்பட்டோர் நீதிமன்றம் சென்றனர். எர்கொட் நிறுவனத்துக்கு அரசுக்குரிய சட்ட விலக்குரிமை உண்டு என 2023 ஜூனில் டெக்சாஸ் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஹூஸ்டனிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்ற அமர்வொன்று, மாநிலத்தின் தாராளமயமாக்கப்பட்ட சந்தை அமைப்பில், மின்னுற்பத்தி நிறுவனங்களுக்குச் சில்லறை வாடிக்கையாளருக்குத் தொடர்ச்சியாக மின்சாரம் வழங்க வேண்டிய சட்டக் கடமை இல்லை எனக் கண்டது. சட்டத்தை வகுத்தவர்கள் சந்தையை அப்படிக் கூறுபோட்டிருக்கிறார்கள். நீதிபதிகள் இருந்ததை வாசித்தார்கள். ஆனால் எளிய தமிழில் இதன் பொருள் என்ன? யாரும் உங்களுக்குக் கடமைப்பட்டவரல்லர். மேயர் கொச்சையாகச் சொன்னதற்காகப் பதவி இழந்தார். அதையே சட்டத்தின் மொழியில் வாசித்தபோது அது நாட்டின் வழமையாயிற்று.

இன்னொரு வழியும் உண்டு என்பதற்குக் கனடாவின் வின்னிபெக் நகரம் உதாரணம். 2013–14 குளிர்காலத்தில் அங்கே நிலம் இரண்டு மீற்றருக்கும் கீழே உறைந்து, தெருவடியிலிருந்து வீடுகளுக்குச் செல்லும் குழாய்கள் அடைபட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நீரிழந்தன. அயல்வீட்டிலிருந்து றப்பர்க் குழாய் இழுத்து நீர் பெற்றவர்கள் பலர். ஆபத்திலிருந்த ஏனைய வீடுகளுக்கு, பென்சில் தடிப்பில் இரவுபகலாக நீரை ஓட விடுமாறு நகரசபை அறிவித்தது. ஓடிய நீருக்கான கட்டணத்தையும் அதுவே சரிசெய்தது. டெக்சாஸில் கூறப்பட்ட அதே ஆலோசனைதான். ஆனால் ஆலோசனை சொன்னவர் அதன் செலவையும் ஏற்றுக்கொண்டார். வின்னிபெக்கிலும் தாமதங்களும் முறைப்பாடுகளும் இருந்தன. எனினும் குழாய் யாருடையது, கடமை யாருடையது என்பதில் அங்கே மயக்கம் இருக்கவில்லை.

கைவிடப்பட்ட நகரங்களும் உண்டு. மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜக்சன், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். 2021 பெப்ரவரிக் குளிரில் அதன் முதிய நீர்த்தொகுதி முறிந்து, சில பகுதிகள் வாரக்கணக்கில் நீரின்றித் தவித்தன. 2022 டிசம்பர்க் குளிரில் அங்கே குழாய்கள் மீண்டும் வெடித்தன. அந்த மக்களுக்குக் காப்புறை பற்றிய பெட்டிச் செய்தியைக் கொடுப்பது, பசித்தவனுக்குச் சமையற் குறிப்புக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்தில் டெக்சாஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம் மின்னிலையங்களைக் குளிருக்கு ஆயத்தப்படுத்துவதைக் கட்டாயமாக்கியது. 2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் கடுங்குளிர் வந்தபோது எர்கொட் மின்வெட்டுக்கு ஆணையிட நேரவில்லை. அந்தக் குளிர்கள் 2021இனது அளவுக்கு நீடிக்காதவை என்பது உண்மைதான். எனினும் குழாய்களுக்கு வெப்பமூட்டும் கம்பி சுற்றுவதும், அளவுக் கருவிகளைக் காற்றிலிருந்து மறைப்பதும் பலனளிக்கும் என்பது நிரூபணமாயிற்று. அப்படியானால் 1989இலும் 2011இலும் சொல்லப்பட்டதைச் செய்திருந்தால் 2021இல் எத்தனை பேர் உயிரோடிருந்திருப்பர் என்ற கேள்வி மேலும் கூர்மையடைகிறது.

இலங்கையிலிருந்து எழுதுபவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நமது உறவுகளில் பெருந்தொகையானோர் இன்று ரொரன்ரோவின் குளிரில் வாழ்கிறார்கள். வாடகை நிலக்கீழ் அறையில் தொடங்கி வீட்டுக் கடன்வரை அவர்கள் ஏறிவந்த படிகள் நமக்குத் தெரியும். குளிர்காலத்தில் ஊருக்குப் புறப்படுமுன் அவர்கள் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். சில நாட்களுக்கு மேல் வீட்டைப் பூட்டிச் செல்வதானால் யாராவது தினமும் வந்து பார்க்க வேண்டும், அல்லது நீரை அடைத்துக் குழாய்களை வடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனை கனடியப் பத்திரங்கள் பலவற்றில் உண்டு. அதைத் தவறவிட்டால் குழாய் வெடித்த இழப்பு தலையில் விழும். வாடகைக்கு இருப்போர் மறுபக்கத்தையும் அறிதல் வேண்டும். வெப்பம் வாடகையில் அடங்கியிருந்தால், குளிர்காலத்தில் அறை வெப்பநிலையை 21 பாகைக்குக் குறையாமல் பேணுவது உரிமையாளரின் கடமை என்று ரொரன்ரோ நகரத்தின் துணைவிதி கூறுகிறது. ஆலோசனை என்ற பெயரில் அல்ல, சட்டமாகவே கூறுகிறது.

பெட்டிச் செய்தியை நிறுத்திவிடுமாறு நான் கூறவில்லை. அதில் இரண்டாவது பத்தி ஒன்றைச் சேருங்கள் என்கிறேன். இவ்வாண்டு மின்னிலையங்கள் பரிசோதிக்கப்பட்டனவா? தவறியவை எவை? சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாற்று மின்பிறப்பாக்கி உண்டா? எரிவாயு நிலையங்கள் அத்தியாவசியப் பட்டியலில் இருக்கின்றனவா? புதிய வீடுகளில் குழாய்களைக் கூரையடியில் கொண்டு செல்வதை ஒழுங்குவிதி இன்னும் அனுமதிக்கிறதா? மின்வெட்டு வந்தால் எந்தத் தெருவுக்கு முதலில் இருள், யாருடைய கட்டளைப்படி? இவற்றுக்கு விடை தர வேண்டியவர்களின் பதவிப் பெயர்களையும் அதே பெட்டிக்குள் அச்சிடுங்கள்.

திருகை நூலளவு திறந்து வைக்க வீட்டுக்காரர் மறந்தால் ஒரு வீடு நனையும். தன் குழாய்க்குக் காப்பிட மின்நிறுவனம் மறந்தபோது 246 பேர் மாண்டார்கள். அறிவுரை முதலில் யாருக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.